முதல் சனிக்கிழமைக்கு முன்னால்

டன்ஸ்கோம்ப், மிசிசிப்பி
ஆகஸ்ட் 4, 2014

என் ஜெரியனுக்கு,

அப்பத்தா எழுதுவது. உடம்பு எப்படி இருக்கிறது? அங்கே போடுவதை முகம் சுளிக்காமல் சாப்பிடு. முகாம் முடியும்வரை உங்கள் எல்லோருடைய போனையும் கோச் வாங்கிப் பெட்டியில் பூட்டிவிட்டார், ஞாயிறுதோறும் வளர்த்தவர்களுக்குக் கையால் ஒரு கடிதம் எழுதியே ஆக வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறார் என்று நீ சொன்னாய். இந்த ஒரு காரியத்துக்காக அந்த மனிதரை இந்த வருஷம் திட்டாமல் விடலாம் என்று இருக்கிறேன். ஆனால் நான் ஆறாம் வகுப்புப் பாதியில் பருத்திக் காட்டுக்குப் போனவள். என் எழுத்தைப் பக்கத்துக் கட்டில்காரனிடம் காட்டிச் சிரிக்காதே.

நேற்றுப் பேப்பரில் உன் படம் அரைப்பக்கத்துக்கு வந்திருந்தது. கீழே எழுதியிருந்ததை உன் லியோலா சின்னப்பாட்டி ஒரு தடவை வாசித்தாள், எனக்கு அது போதும். "இரண்டு ஆண்டுகளில் மொத்தம் பதினோரு வீச்சு. பிடிபட்டவை நான்கு. பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் பழைய குவார்ட்டர்பேக் வேறு கல்லூரிக்குப் போய்விட்டதால், அனுபவமில்லாத இந்த இருபது வயது இளைஞனின் கையில்தான் அணி இருக்கிறது." எட்டு அணிகளில் உங்களுக்கு ஆறாவது இடமாம். எழுதியவன் பெயரையும் பார்த்து வைத்திருக்கிறேன்.

ஊரில் வேறு பேச்சே இல்லை. உன் அப்பாவுக்கு முடிவெட்ட ஸ்டோக்லி கடைக்குப் போனால் அங்கேயும் நீதான்.

"பதினோரு தடவதான் வீசியிருக்கான்னா என்னாங்கிறேன்? பன்னெண்டாவது வானத்துக்கே போகும் பாரு."

"ஆறாவது எடமாம்ல! மொத எடம்னு நான் எழுதித் தாரேன்."

"நீ மொதல்ல ஒம் பேர எழுதப் படி."

முப்பதாம் தேதி முதல் ஆட்டத்துக்குப் பஸ் பிடித்திருக்கிறார்கள். அன்றைக்கு இருந்த கல்யாணம் ஒன்றைத் தள்ளிவைத்துவிட்டார்கள். பாதிரியார் பிரசங்கத்தில் தாவீதைப் பற்றி ஆரம்பித்து உன்னிடம் வந்து முடித்தார். உன் அப்பாவுக்குப் பள்ளியில் கோச்சாக இருந்த ஹாஸ்க்யூ தன் இரும்புக் கடை வாசலில் கட்டில் விரிப்பு அகலத்துக்கு உன் முகத்தை அச்சடித்துத் தொங்கவிட்டிருக்கிறான். நான் எதிர்ச்சாரியில் நடந்து போனேன். ஏன் என்று நீ கேட்பாய். கேட்காதே.

உன் அப்பா பேப்பரை வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "யாரும்மா இந்தப் பையன்? முழங்கை எறங்கியிருக்கே, அடி வாங்கப்போறான்" என்றான். லாரி மோதினதிலிருந்து அவன் இப்படித்தான், உனக்குத் தெரியாததா. மனதில் வைக்காதே. முழங்கையை மட்டும் பார்த்துக்கொள்.

உன் அப்பத்தா,
வெர்னெல் டார்ப்லி


கல்லூரி விடுதி
ஆகஸ்ட் 10, 2014

அன்புள்ள அப்பத்தாவுக்கு,

நான் நலம். தினமும் இரண்டு வேளைப் பயிற்சி. வெயில் மண்டையைப் பிளக்கிறது. சாப்பாடு பரவாயில்லை, ஆனால் இவர்கள் சோள ரொட்டியில் சர்க்கரை போடுகிறார்கள். நீங்கள் பார்த்தால் சமையல்காரரை அடித்துவிடுவீர்கள்.

கோச் பத்திரிகைக்காரர்களிடம், "சின்னப் பையன். கொஞ்சம் டைம் குடுங்க" என்கிறார். கதவைச் சாத்திவிட்டு என்னிடம், "இந்த வருஷம் தோத்தா நானும் இல்ல, நீயும் இல்ல, தெரியும்ல?" என்கிறார். டெக்சாஸிலிருந்து பிரான்ட்லி என்று ஒருவன் வந்திருக்கிறான், எனக்கு அடுத்த குவார்ட்டர்பேக். ஆறடி நான்கு அங்குலம். நான் தும்மினால்கூட எழுந்து ஹெல்மெட்டை மாட்டிக்கொள்கிறான்.

வியாழக்கிழமை, காயங்களைப் பார்க்கிற டிரெய்னர் பெண் எங்களுக்குத் தலைப் பரீட்சை வைத்தாள். கம்ப்யூட்டர் பன்னிரண்டு சொற்களைக் காட்டும். கொஞ்ச நேரம் கழித்து எவை எவை வந்தன என்று கேட்கும். பிறகு யாருக்காவது தலையில் அடிபட்டால், அதே பரீட்சையை மறுபடி வைத்து இந்த மார்க்கோடு ஒப்பிடுவார்கள். குறைந்திருந்தால் ஆட விடமாட்டார்கள். அதனால் இங்கே எல்லோரும் ஒரு வேலை செய்கிறார்கள். எனக்கு முன்னால் நின்று தடுக்கிற பூன், வரிசையில் நிற்கும்போதே காதில் சொன்னான்.

"இன்னிக்கு நீ முட்டாளா இருக்கணும்டா. ரொம்பப் போயிராத, கண்டுபிடிச்சிருவாங்க. ஒங்க வாத்தியாருங்க நெனச்சிட்டிருக்கிற அளவுக்கு இருந்தாப் போதும்."

பன்னிரண்டில் ஆறு மட்டும் தெரிந்தமாதிரி அழுத்தினேன். இனி என்ன அடி விழுந்தாலும் மார்க் குறையாது. உங்கள் தலையை வைத்துக்கொண்டு இந்தப் பரீட்சையில் தோற்பது கஷ்டம், அப்பத்தா. நீங்கள் பன்னிரண்டு சொல்லையும் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்தவன் போட்டிருந்த சட்டையையும் சொல்வீர்கள்.

லியோலா சின்னப்பாட்டி கால் என்ன ஆயிற்று? சர்க்கரைக்கு வெட்ட வேண்டியிருக்கும் என்றார்களே?

அப்பாவிடம் முழங்கையைத் தூக்கிவிட்டேன் என்று சொல்லுங்கள்.

உங்கள்,
ஜெரியன்


டன்ஸ்கோம்ப்
ஆகஸ்ட் 13, 2014

என் ஜெரியனுக்கு,

கடிதம் கிடைத்தது. சர்க்கரை போட்ட சோள ரொட்டி என்றதும் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. மீதி உயிர் அந்தப் பரீட்சைச் சேதியில் போயிற்று. இருபத்தொன்பது வருஷம் கெளுத்தி மீன் ஆலையில் நின்றவள் நான். தராசில் கட்டைவிரலை வைத்து அழுத்துகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களெல்லாம் அடுத்தவனை ஏமாற்றினார்கள். நீ யாரை ஏமாற்றியிருக்கிறாய் என்று உட்கார்ந்து யோசி. அந்தப் பூன் யார் வீட்டுப் பிள்ளை?

லியோலாவின் கால் போய்விட்டது. திங்கட்கிழமை, முழங்காலுக்குக் கீழே. "செருப்பு பாதி மிச்சம்" என்று நர்சிடம் சொல்லிச் சிரித்தாளாம். நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அழுதாள். அவள் மேல் எனக்கு 1996லிருந்து கோபம், உனக்குத் தெரியும், என் தொப்பியை வாங்கிக்கொண்டு போய் ஈஸ்டருக்குத் தானே போட்டுக்கொண்டாள். கோபத்தை ஓரமாக வைத்துவிட்டுக் கஞ்சி வைத்துக் கொண்டுபோனேன். ஓரமாகத்தான் வைத்திருக்கிறேன், தூக்கிப் போடவில்லை.

நேற்று ஹாஸ்க்யூ வந்தான். வாசல் படிக்குக் கீழேயே தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான். நான் காராமணி உரித்துக்கொண்டிருந்தேன், கையை நிறுத்தவில்லை.

"வெர்னெல் அம்மா, நல்லாயிருக்கீங்களா? முப்பதாம் தேதி பஸ்ல முன்சீட்டு ஒங்களுக்குத்தான். எனக்குப் பக்கத்துல."

"ஒனக்குப் பக்கத்துல ஒக்காந்துதான் நான் சாகணுமா?"

"பழசையெல்லாம் மனசுல வச்சிருக்காதீங்க."

"வேற எங்க வைக்கச் சொல்ற? ஓங் கடை அலமாரியிலயா?"

இப்போது அம்மா என்கிறான், நீங்கள் என்கிறான். ஒரு காலத்தில் என் சமையலறையில் உட்கார்ந்து வெறும் வெர்னெல் என்றவன். ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கொடுக்காமல் அனுப்பினேன்.

உன் அப்பா இரண்டு நாளாக அமைதி. தட்டை உடைக்கவில்லை. உன் சேதியைச் சொன்னேன். "எந்தப் பையன்?" என்றான்.

சூதானமாக இரு.

அப்பத்தா


கல்லூரி விடுதி
ஆகஸ்ட் 17, 2014

அன்புள்ள அப்பத்தாவுக்கு,

நான் நலம். நேற்று எங்களுக்குள்ளேயே இரண்டு பிரிவாகப் பிரிந்து ஒத்திகை ஆட்டம் ஆடினோம். கோல்கோட்டைத் தாண்டி மூன்று வீச்சு வீசினேன் என்கிறார்கள். கோச் இன்று காலை எல்லோர் முன்னாலும் என் பெயரைச் சொல்லிவிட்டார். முப்பதாம் தேதி நான்தான் குவார்ட்டர்பேக். அப்பத்தா, நான்தான். பூன் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு சாப்பாட்டு அறை முழுக்கச் சுற்றினான், எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது, அவன் வேர்வை நாற்றம் அப்படி.

டெக்சாஸிலிருந்து பிரான்ட்லி என்று ஒருவன் வந்திருக்கிறான். நல்ல உயரம். நான் தும்மினால்கூட ஹெல்மெட்டை மாட்டிக்கொள்கிறான். உங்களுக்குச் சிரிப்பு வரும்.

அறையில் திரைச்சீலையை இழுத்துவிட்டு எழுதுகிறேன், வெளிச்சம் ரொம்பக் கூச்சமாக இருக்கிறது. கோடு கோணலாகப் போனால் அதனால்தான். காகிதத்தைக் குறை சொல்லாதீர்கள்.

லியோலா சின்னப்பாட்டி கால் என்ன ஆயிற்று? வெட்ட வேண்டியிருக்கும் என்றார்களே? நீங்கள் ஒன்றுமே எழுதவில்லை.

முப்பதாம் தேதி நான்தான். கோச் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்.

உங்கள்,
ஜெரியன்


டன்ஸ்கோம்ப்
ஆகஸ்ட் 20, 2014

ஜெரியன்,

உன் கடிதத்தை நான்கு தடவை வாசித்தேன். முதல் தடவை ஊர் முழுக்கக் காட்டலாம் என்று சந்தோஷமாக வாசித்தேன். இரண்டாம் தடவை உட்கார்ந்துவிட்டேன்.

லியோலா கால் போனதை நான் எழுதினேன். போன புதன்கிழமை, கருப்பு மையில், செருப்புச் சேதியோடு எழுதினேன். உன் கைக்குக் கிடைத்திருக்கிறது, ஏனென்றால் வெள்ளிக்கிழமை ஒரு தபால் அட்டையில் "ஐயோ, பாவம் சின்னப்பாட்டி" என்று நீயே எழுதிப் போட்டிருக்கிறாய். அட்டை என் முன்னால் இருக்கிறது. தும்மல் கதையை நீ போன வாரமே சொல்லிவிட்டாய். மூன்று வீசினேன் "என்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறாய். ஏன், நீ அங்கே இல்லையா?

உன் எழுத்து வலப்பக்கம் சாய்ந்து கீழே இறங்குகிறது. ஆறு வயதிலிருந்து உன் எழுத்து எனக்குத் தெரியும். வெளிச்சம் கூசுகிற கண்ணையும் எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நேராகக் கேட்கிறேன். சனிக்கிழமை உனக்குத் தலையில் அடிபட்டதா, இல்லையா? வாந்தி எடுத்தாயா? அந்த டிரெய்னர் பெண்ணிடம் சொன்னாயா?

இன்னொன்றும் செய். தேவாலயத்திலிருந்து நம் வீடு வரை பதினோரு வீடுகள். நான்கு வயதில் என் விரலைப் பிடித்துக்கொண்டு வரிசையாகச் சொல்லிக்கொண்டே வருவாய். யாரையும் கேட்காமல், போன் வந்திருந்தால் அதையும் பார்க்காமல், அந்தப் பதினோரு பேர் பெயரையும் எழுதி அனுப்பு. இதில் முட்டாளாக நடிக்காதே. இது கம்ப்யூட்டர் இல்லை.

அப்பத்தா


கல்லூரி விடுதி
ஆகஸ்ட் 24, 2014

அப்பத்தா,

சரி. அடிபட்டது. யாருக்குத்தான் படவில்லை? இது ஆளோடு ஆள் மோதுகிற கால்பந்து, பியானோ இல்லை. வலப்பக்கத்திலிருந்து ஒருவன் வந்தான், நான் பார்க்கவில்லை, ஹெல்மெட்டோடு ஹெல்மெட் மோதியது. எழுந்துவிட்டேன். அடுத்த வீச்சையும் வீசினேன், பூன் சொல்கிறான். டிரெய்னர் ஞாயிற்றுக்கிழமை மாலை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தாள். ஏழு சொற்கள் சொன்னேன். முன்னால் சொன்னது ஆறு. "முன்னாடியவிட நல்லாவே பண்ணியிருக்க" என்று முதுகில் தட்டி அனுப்பிவிட்டாள். பார்த்தீர்களா? பரீட்சையே பாஸ்.

தலைவலி கொஞ்சம்தான். சத்தம் போட்டால் மட்டும். இன்னும் ஆறே நாள்.

நீங்கள் கேட்டது. தேவாலயம் தாண்டி பெட்டிஸ் வீடு. பிறகு ஓய்வுபெற்ற தபால்காரர். ஸ்டோக்லி. இரட்டைப் பிள்ளைகள் இருக்கும் வீடு. கிணறு வைத்த வீடு. மார்வா அத்தை. பிறகு நம் வீடு. நடுவில் ஒன்றிரண்டு விட்டிருப்பேன், நான் ஊரை விட்டு வந்தே இரண்டு வருஷம் ஆகிறது, எனக்கு மனப்பாடம் பண்ண முந்நூறு ஆட்டத் திட்டங்கள் இருக்கின்றன. உங்கள் தெருவையும் சேர்த்து யாரால் வைத்துக்கொள்ள முடியும்?

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கூப்பிடாதீர்கள், அறையில் நான்கு பேர். உங்கள் குரல் விடுதி வாசல்வரை கேட்கும்.

யாரிடமும் சொல்லாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். பதினோரு வீச்சு என்று எழுதினானே, அவன் முன்னால் பன்னிரண்டாவதை நான் வீச வேண்டும். பிரான்ட்லி ஒரு தடவை உள்ளே போனால் திரும்பி வரமாட்டான். எனக்கு இது ஒன்றுதான் வரும், அப்பத்தா, உங்களுக்கே தெரியும். ஊரே பஸ்ஸில் வருகிறது. நீங்களும் வாருங்கள், ஹாஸ்க்யூ பக்கத்தில் உட்காராவிட்டால் போகிறது.

ஜெரியன்


டன்ஸ்கோம்ப்
ஆகஸ்ட் 27, 2014

என் ஜெரியனுக்கு,

பதினொன்றில் ஏழு. லியோலா வீட்டை விட்டுவிட்டாய். அவள் மடியில் வளர்ந்தவன் நீ.

இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்கு முன்னால் நான் அங்கே வந்து போயிருப்பேன். அதனால் இதில் எதையும் மறைக்க வேண்டியதில்லை.

உன் அப்பாவின் மேல் லாரி மோதவில்லை. லாரியே கிடையாது. உனக்கு ஆறு வயதில் நீ கேட்டபோது என் வாயில் வந்தது அது. லாரி என்றால் யாரையும் திரும்பக் கேள்வி கேட்க முடியாது. ஊரும் ஒத்துக்கொண்டது. உண்மைக் கதை ஊருக்கும் வேண்டியிருக்கவில்லை.

1988 அக்டோபர் ஏழு, வெள்ளிக்கிழமை. செட்ரிக்குக்குப் பதினேழு வயது. அவனும் குவார்ட்டர்பேக், அதை மட்டும் நீ சுவரில் இருக்கும் படத்தில் பார்த்திருக்கிறாய். அன்று அடிபட்டது. சனி, ஞாயிறு இருட்டில் படுத்துக்கிடந்தான், ஜன்னலுக்குப் போர்வை கட்டச் சொன்னான். கேட்டதையே கேட்டான். செவ்வாய்க்கிழமை ஹாஸ்க்யூ வந்தான். அதுவரை ஒரு வெள்ளைக்காரர் என் சமையலறையில் உட்கார்ந்ததில்லை. நான் மொச்சையும் சோள ரொட்டியும் வைத்தேன்.

"வெர்னெல், பையனுக்கு ஒண்ணுமில்ல. தலைக்குள்ள மணி அடிச்ச மாதிரி இருக்கும், நாலு நாள்ல சரியாயிரும். வெள்ளிக்கிழமை அவன் இல்லன்னா ஊரே ஒக்காந்து அழும்."

"நேத்து தின்ன ரொட்டிய அப்பிடியே வாந்தி எடுத்தான்."

"ஓன் ரொட்டியாலதான் இருக்கும்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். நானும் சிரித்தேன்.

இருபத்தாறு வருஷமாக ஹாஸ்க்யூவைத் திட்டுகிறேன், பாதிரியாரைத் திட்டுகிறேன், சும்மா பார்த்துக்கொண்டிருந்த டாக்டரைத் திட்டுகிறேன், அவர் செத்து மண்ணாகிவிட்டார், இன்னும் திட்டுகிறேன். நான் சிரித்ததை மட்டும் எவரிடமும் சொன்னதில்லை. ஏன் சிரித்தேன்? மேஜை மேல் செட்ரிக்கைக் கேட்டு வந்த மூன்று கல்லூரிக் கடிதங்கள் இருந்தன. மீன் ஆலையில் பெண்கள் எனக்கு நாற்காலி போட்டார்கள். ஹாஸ்க்யூ இரண்டாம் முறை மொச்சை கேட்டான். அதற்காகத்தான். வேறு பெரிய காரணம் கிடையாது.

பதினான்காம் தேதி ஆடினான். மூன்றாம் பகுதியில் சாதாரணமாக ஒருவன் தோளில் இடித்தான், பலமான அடிகூட இல்லை. செட்ரிக் எழுந்து நடந்து, எதிரணியின் பெஞ்சில் போய் உட்கார்ந்தான். எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் சரிந்தான். பத்தொன்பது நாள் கண் திறக்கவில்லை. திறந்தபோது வந்தவன்தான் இப்போது உள்ளறையில் இருக்கிறவன். நடுவில் ஐந்தாறு வருஷம் கொஞ்சம் தேறினான், உன் அம்மா நம்பினாள், நீ பிறந்தாய். பிறகு அவளாலும் முடியவில்லை. அவள் மேல்கூட நான் கோபம் வைத்திருக்கிறேன், அதற்கு எனக்கு உரிமை இல்லை.

பிறகு என்னை எதற்கு ஆட விட்டீர்கள் என்று கேட்பாய். ஒன்பது வயதில் நீ பந்தை வீசியதைப் பார்த்து இந்த ஊர் எழுந்து நின்றது. செட்ரிக்கை மறந்த அதே வாய்கள் டார்ப்லி, டார்ப்லி என்று கத்த வேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது. என் வன்மத்துக்கு உன்னைத் தீனியாகப் போட்டேன். தலை நன்றாக இருந்தால் எதுவும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

காலையில் லியோலாவிடம் சொன்னேன்.

"ஏங் காலு போச்சு, சக்கர நாற்காலி குடுத்துட்டாங்க. தலைக்குப் பதிலா என்னத்தக் குடுப்பாங்களாம்? போ, கெளம்பு. வில்பர்ன வண்டி எடுக்கச் சொல்றேன்."

"அவன் என்ன மன்னிக்க மாட்டான்டீ."

"மன்னிக்காட்டிப் போறான். நீ யார மன்னிச்சிருக்க?"

நாளைக் காலை அவள் மகன் வில்பர்ன் அழைத்துப் போகிறான், மூன்று மணி நேரம். உன் கடிதங்களையும் தபால் அட்டையையும் கைப்பையில் வைத்துவிட்டேன். கோச்சிடம் கொடுக்க மாட்டேன். டாக்டர் கையில் கொடுத்து, அவர் வாசிக்கிறவரை அங்கேயே உட்கார்ந்திருப்பேன். வெறும் வாயால் சொன்னால் கிழவி உளறுகிறாள் என்பார்கள். நீயே எழுதினதை என்ன சொல்வார்கள்?

உன்னைக் கேட்டுவிட்டுச் செய்திருக்கலாம். கேட்டால் நீ ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பாய். நான் சிரித்துவிடுவேன்.

அப்பத்தா


கல்லூரி விடுதி
செப்டம்பர் 2, 2014

வெர்னெல் டார்ப்லி அவர்களுக்கு,

இது கோச் போட்ட சட்டத்துக்காக எழுதுகிற கடிதம் இல்லை. முகாம் முடிந்துவிட்டது. ஒரு தடவை சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ள எழுதுகிறேன்.

என் கடிதங்களை மேஜையில் பரப்பி வைத்தார்கள். டாக்டர், டிரெய்னர், கோச், கல்லூரி ஆபீசிலிருந்து இரண்டு பேர். பூன் சொன்னதை ஒருவர் உரக்க வாசித்தார். சின்னப்பாட்டியின் கால்வரை வாசித்தார்கள். நான் உங்களுக்கு எழுதியது, உங்களுக்கு மட்டும் எழுதியது.

ஸ்கேன் எடுத்தார்கள். படத்தில் ஒன்றுமே இல்லை. கேட்டுக்கொள்ளுங்கள், ஒன்றுமே இல்லை. ஆனாலும் இந்த வருஷம் ஆடக் கூடாது, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்கிறார் டாக்டர். பார்க்க மாட்டார்கள் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒரு காலில் நிற்கச் சொன்னார், விழுந்தேன். தூக்கமில்லாமல் யாரும் விழுவார்கள்.

எல்லோருக்கும் மறுபடி தலைப் பரீட்சை வைத்தார்கள். இந்தத் தடவை பக்கத்திலேயே ஒருவர் நின்றார். பூனோடு இன்னும் நான்கு பேரையும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். சாப்பாட்டு அறையில் நான் போய் உட்கார்ந்தால் மேஜை காலியாகிறது. நேற்று ஒருவன், "மெதுவாப் பேசுங்கடா, இவன் பாட்டிக்கு எழுதிருவான்" என்றான்.

சனிக்கிழமை கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஓரத்தில் நின்றேன். ஊர் பஸ் வந்திருந்தது. என் நம்பர் போட்ட பனியன்கள் ஒரு வரிசை முழுக்க. பிரான்ட்லி வீசிய முப்பதில் பிடிபட்டவை ஒன்பது. முப்பத்தெட்டுக்கு ஏழு என்று தோற்றோம். ஆட்டம் முடிந்து ஸ்டோக்லி மாமா கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து, "நல்லாத்தானேடா நிக்கிற" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. பதினான்கு வருஷம் லாரி, லாரி என்றீர்கள். வீதியில் லாரி போனால் நான் அப்பா கையைப் பிடித்துக்கொள்வேன், உங்களுக்குத் தெரியுமா? உண்மையைச் சொல்லியிருந்தால் நான் பந்தைத் தொட்டிருப்பேனா, மாட்டேனா என்று நான் முடிவு செய்திருப்பேன். எனக்கு எல்லாம் முடிந்த பிறகு சொல்கிறீர்கள். அப்பாவுக்காக நீங்கள் சிரித்ததற்கு நான் ஏன் அனுபவிக்க வேண்டும்?

தாங்க்ஸ்கிவிங்குக்கு வரமாட்டேன். கிறிஸ்துமஸுக்கும் வரமாட்டேன். அப்பாவைப் பார்க்க வேண்டுமானால் நீங்கள் தேவாலயம் போயிருக்கிற நேரத்தில் வருவேன்.

எழுத வேண்டாம்.

ஜெரியன் டார்ப்லி


டன்ஸ்கோம்ப்
அக்டோபர் 12, 2014

என் ஜெரியனுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். இது நான்காவது. முந்தின மூன்றும் திரும்பி வரவில்லை, அதனால் கிழித்துப் போடுகிறாய் என்று வைத்துக்கொள்கிறேன். இதற்குப் பிறகு எழுத மாட்டேன்.

இங்கே சேதி அதிகம் இல்லை. ஹாஸ்க்யூ உன் படத்தை இறக்கிவிட்டான். தேவாலயத்தில் நான் உட்காரும் பெஞ்சில் நானும் லியோலாவின் நாற்காலியும் மட்டும். பாதிரியார் தாவீதை விட்டுவிட்டு யூதாஸுக்கு வந்துவிட்டார். என்னைப் பார்க்காமல்தான் பேசினார். பார்த்துப் பேசச் சொல்லி வாசலில் வைத்துக் கேட்டேன், தொண்டை கட்டியிருக்கிறது என்றார். ஸ்டோக்லி உன் அப்பாவுக்கு இனி முடிவெட்ட நேரமில்லை என்று சொல்லிவிட்டான். நானே வெட்டினேன். நாற்பத்து மூன்று வயது மகனின் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்பது எனக்குப் புதிது. வெளியே எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. எங்கேயும் ஒரு பள்ளம் இல்லை, தழும்பு இல்லை.

அடுத்த அடி விழுந்திருந்தால் நீயும் அப்படி ஆகியிருப்பாயா என்று எனக்குத் தெரியாது. டாக்டருக்கும் தெரியாது, கேட்டேன். ஒருவேளை ஒன்றுமே ஆகியிருக்காது. ஒருவேளை நீ பன்னிரண்டாவதை வீசி, அது வானத்துக்கே போயிருக்கும். அதை நான் உன்னிடமிருந்து பறித்துக்கொண்டேன் என்பது உண்மை. இல்லை என்று சாதிக்க மாட்டேன்.

மன்னிப்பும் கேட்க மாட்டேன். யாருக்கும் கொடுக்காத ஒன்றை உன்னிடம் எந்த முகத்தோடு கேட்பது? என் மேல் கோபமாக இரு. குறைத்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன். ஆனால் அரைகுறையாக வைத்துக்கொள்ளாதே, எனக்கு அது பிடிக்காது. முழுசாக வைத்துக்கொள். ஆகஸ்ட் இருபத்தெட்டு, வியாழக்கிழமை, காலை பத்தரை மணி. டாக்டர் அறைக் கதவு பச்சை. நான் போட்டிருந்தது நீலக் கவுன், வெள்ளைக் காலர். நடைவழியில் தண்ணீர்க் குழாய்ப் பக்கத்தில் நீ நின்றிருந்தாய். "வேண்டாம் அப்பத்தா" என்று இரண்டு தடவை சொன்னாய், இரண்டாவது தடவை என் கைப்பையைப் பிடித்தாய். நான் உன் விரல்களைப் பிரித்துவிட்டு உள்ளே போனேன். திரும்பிப் பார்க்கவில்லை.

இதை வரிசையாக நினைவில் வை. மாதத்துக்கு ஒரு முறை உனக்கு நீயே சொல்லிப் பார். ஒரு நாள் அதில் ஏதாவது விட்டுப்போனால், கதவின் நிறமோ என் கவுனின் நிறமோ வராமல் போனால், எனக்கு எழுதாதே, என்னைக் கூப்பிடாதே. நேரே டாக்டரிடம் போ.

உன் அப்பத்தா,
வெர்னெல் டார்ப்லி